விசிட்டர் விசாவில் வந்த பெற்றோருக்குக் கோவிட் ஊசியும் டெஸ்ட் கிட்டும்: கவுன்டியில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

உங்கள் கேள்வி இதுதான். கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் வீடு. ஊரிலிருந்து அப்பா (71), அம்மா (63, சர்க்கரை உண்டு) விசிட்டர் விசாவில் வந்து ஒரு மாதம் ஆகிறது, ஏப்ரல் வரை இருப்பார்கள். கோவிட் ஊசி போடலாம் என்று பக்கத்து மருந்துக்கடைக்குக் கூட்டிப் போனால், அவர்களுடைய பயண இன்சூரன்ஸ் இதற்குச் செல்லாது, கையிலிருந்து கட்டினால் ஆளுக்கு ஏறத்தாழ 200 டாலர் என்றார்கள். கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சுகாதாரத் துறையில் சும்மா போடுவார்களா? முன்பு கொடுத்த மாதிரி டெஸ்ட் கிட் இப்போதும் கொடுக்கிறார்களா? நாலு வயதுப் பையனுக்கு எங்கே போவது? இதையெல்லாம் வாங்கினால் பின்னாளில் கிரீன் கார்டுக்கு வில்லங்கம் வருமா?

நான் டாக்டர் இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு சமூக மருத்துவமனையில் பில் போடும் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். அதனால் எந்த ஊசியைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது "இதற்கு யார் காசு?" என்பதுதான். கேட்க அல்பமாக இருக்கும். ஆனால் இந்த நாட்டில் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று தானாகத் தெரிந்துவிடும்.

எங்கள் மருந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால் ஒரே ஊசி மருந்து இரண்டு மூன்று தட்டுகளில் தனித்தனியாக இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே டப்பா. ஒரு தட்டில் ஒட்டியிருக்கும் சீட்டு 'தனியார்' என்று சொல்லும், அடுத்தது 'குழந்தைகள் திட்டம்', இன்னொன்று 'இன்சூரன்ஸ் இல்லாத பெரியவர்கள்'. நர்ஸ் அவசரத்தில் ஒரு தட்டிலிருந்து எடுத்து இன்னொரு ஆளுக்குப் போட்டுவிட்டால், மருந்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அன்று மாலை நாங்கள் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்போம். உங்கள் அப்பாவுக்கு எந்தத் தட்டிலிருந்து எடுப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

ஆரம்பத்தில் இந்தச் சிக்கலே இல்லை. 2020 டிசம்பரில் ஃபைசர், அடுத்த வாரமே மாடர்னா என்று அவசர அனுமதி கிடைத்தபோது மத்திய அரசே மொத்த மருந்தையும் வாங்கி மாநிலங்களுக்கும் கவுன்டிகளுக்கும் அனுப்பியது. இன்சூரன்ஸ், விசா எதுவும் யாரும் கேட்கவில்லை. என் மாமியார் அப்போது எங்களோடு மாட்டிக்கொண்டிருந்தார். 2020 மார்ச்சில் இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியதும், "ஒரு மாதத்தில் போய்விடலாம்" என்று கட்டிவைத்த பெட்டி ஒரு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. 2021 பிப்ரவரியில் சான்டா கிளாராவின் லீவைஸ் ஸ்டேடியத்தைக் கவுன்டி தடுப்பூசி முகாமாக்கியது. நாளொன்றுக்கு 15,000 பேர் வரை போடும் அளவுக்கு ஏற்பாடு. மாமியார் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இவ்வளவு பெரிய மைதானத்துக்கு வேறே எப்படிப் போறது?" என்றார். ஊசி போட்டு, பதினைந்து நிமிடம் உட்காரவைத்து, அட்டை கொடுத்து அனுப்பினார்கள். ஒரு காகிதத்திலும் காசு என்ற சொல்லே வரவில்லை.

அந்தக் காலம் 2023 செப்டம்பரோடு முடிந்தது. மருந்து சாதாரண வியாபாரச் சரக்காக மாறியது. கம்பெனி விலை வைக்கும், உங்கள் இன்சூரன்ஸ் கட்டும். இன்சூரன்ஸ் இல்லாத பெரியவர்களுக்கென்று 'பிரிட்ஜ் ஆக்சஸ்' என்று ஒரு தற்காலிகத் திட்டம் போட்டார்கள். பேரிலேயே பாலம் இருந்தது. அந்தப் பாலமும் 2024 ஆகஸ்டோடு முடிந்தது. டிசம்பர் வரை ஓட வேண்டியது, பணம் இல்லாமல் முன்னதாகவே மூடினார்கள். அது இருந்தபோது மருந்துக்கடையிலேயே சும்மா போட்டுக்கொண்டு போனவர்கள் இன்னும் "ஃப்ரீதானே, போன தடவை போட்டோமே" என்று வருகிறார்கள். அவர்களிடம் பதில் சொல்வது என் வேலையில் சங்கடமான பகுதி.

இப்போது பெரியவர்களுக்கு மிஞ்சியிருப்பது பழைய ஒரு பணப்பை. 1962-ல் கென்னடி காலத்தில் வந்த தடுப்பூசி உதவிச் சட்டத்தின் வழியாக மாநிலங்களுக்கு வரும் பணம். எங்கள் வட்டாரத்தில் அந்தச் சட்டப்பிரிவின் எண்ணைச் சொல்லியே அழைப்போம், 'த்ரீ செவன்டீன்' என்று. இன்சூரன்ஸ் இல்லாத பெரியவர்கள், இன்சூரன்ஸ் இருந்தும் அது தடுப்பூசிக்குச் செல்லாதவர்கள், இரண்டு வகையினருக்கும் அதில் இடம் உண்டு. உங்கள் பெற்றோர் அந்த இரண்டாவது வகை. விசிட்டர்களுக்கு விற்கும் பயண இன்சூரன்ஸ் அநேகமாக எல்லாமே திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான். தடுப்பூசி, வருடாந்தரப் பரிசோதனை போன்றவற்றைப் பொடி எழுத்தில் விலக்கியிருப்பார்கள். மருந்துக்கடையில் செல்லாது என்று சொன்னது சரிதான், அதற்காக அவர்களோடு சண்டை போட வேண்டாம்.

ஆனால் இந்தப் பணப்பை சின்னது. மாநிலம் ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக் கவுன்டிகளுக்கும் சமூக மருத்துவமனைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். அது போதாதென்று 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறை, கோவிட் காலத்தில் ஒதுக்கிய பொது சுகாதார நிதியில் 1,140 கோடி டாலர் அளவுக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போனது தனிக்கதை. ஆனால் நாடு முழுக்கப் பல கவுன்டிகள் முகாம்களைக் குறைத்தன, ஆட்களை அனுப்பின. ஆகவே "கவுன்டியில் சும்மா போடுவார்களா" என்ற கேள்விக்கு என் பதில்: போடுவதற்கு வழி இருக்கிறது, உரிமையாக எதிர்பார்க்க முடியாது. கையிருப்பு உள்ள வாரத்தில் கேட்டால் கிடைக்கும். நவம்பரில் கேட்பதும் மார்ச்சில் கேட்பதும் ஒன்றல்ல.

இங்கே ஒரு சின்ன விளக்கம், பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். சன்னிவேல் நகராட்சியில் போய்க் கேட்டுப் பயனில்லை. அங்கே 'பப்ளிக் சேஃப்டி' என்று பெரிய பலகை இருக்கும். அது போலீசும் தீயணைப்பும் சேர்ந்த துறை. கலிஃபோர்னியாவில் சுகாதாரம் கவுன்டியின் பொறுப்பு. 58 கவுன்டிகளுக்கு 58 துறைகள், அதோடு தனியாகச் சுகாதாரத் துறை வைத்துக்கொண்டிருக்கும் மூன்று நகரங்கள்: பெர்க்லி, லாங் பீச், பாசடீனா. நீங்கள் போக வேண்டியது சான்டா கிளாரா கவுன்டி. கோவிட் விஷயத்தில் சோம்பேறித்தனம் சொல்ல முடியாத கவுன்டி இது. 2020 மார்ச் 16 அன்று, நாட்டிலேயே முதன்முதலாக, வீட்டுக்குள் இருங்கள் என்று உத்தரவு போட்ட ஆறு பே ஏரியா (சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டார) கவுன்டிகளில் இதுவும் ஒன்று. அப்போதைய சுகாதார அதிகாரி சாரா கோடி அதற்காக வாங்கிய திட்டும் கொஞ்சமில்லை.

சரி, எப்படிக் கேட்பது?

போனில் கேளுங்கள். இணையப் பக்கத்தில் முகாம் பட்டியல் இருக்கும். அதில் இருக்கும் தேதிக்கும் ஃப்ரிட்ஜில் இருக்கும் டோஸுக்கும் சில நேரம் சம்பந்தம் இருக்காது. போன வருடம் நானே ஒரு நண்பரின் தாயாரை நம்பிக்கையாகக் கூட்டிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன், எது என்று சொல்லவில்லை. பக்கத்தில் எழுதியிருந்த நேரத்துக்கு அரை மணி முன்பே போயாயிற்று. வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: பெரியவர்களுக்கான கையிருப்பு தீர்ந்தது, குழந்தைகளுக்கு மட்டும். 77 வயது அம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! திரும்பும் வழியில் சரவண பவனில் காபி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

போனில் "கோவிட் வாக்சின் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால், இருக்கிறது, உங்கள் இன்சூரன்ஸ் கார்டைக் கொண்டு வாருங்கள் என்பார்கள். அது தனியார் தட்டு. இப்படிக் கேளுங்கள்: "என் பெற்றோருக்குத் தடுப்பூசிக்குச் செல்லும் இன்சூரன்ஸ் கிடையாது. இன்சூரன்ஸ் இல்லாத பெரியவர்களுக்கென்று அரசு வாங்கிக் கொடுத்த கோவிட் டோஸ் உங்களிடம் இருக்கிறதா? எந்தக் கிளினிக்கில், எந்தக் கிழமை? ஊசி போடும் கூலி ஏதாவது உண்டா?" கடைசிக் கேள்வி முக்கியம். மருந்து இலவசமாக இருந்தாலும் போடுவதற்கென்று சில இடங்களில் ஒரு சிறு தொகை கேட்பார்கள். கட்ட முடியாது என்றால் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ வழி இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கவுன்டியில் இல்லை என்றால் அடுத்த போன் சமூக மருத்துவமனைகளுக்கு. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வைக்கும் இடங்கள் இவை, மத்திய அரசின் மானியத்தில் நடப்பவை. கவுன்டியின் அதே பணப்பையிலிருந்து இவர்களுக்கும் டோஸ் போகும். பலருக்கு இப்படி ஓர் இடம் சன்னிவேல், சான் ஹோசே பக்கமெல்லாம் இருப்பதே தெரியாது.

மொழி பற்றி ஒரு வார்த்தை. கவுன்டியின் அறிவிப்புகள் ஸ்பானிஷ், வியட்நாமிய மொழி, சீனம், டகாலோக் என்று இருக்கும், தமிழைத் தேடாதீர்கள். ஆனால் மத்திய நிதி வாங்கும் எந்தச் சுகாதார இடமும் மொழிபெயர்ப்பாளரைக் காசு வாங்காமல் தர வேண்டும். "தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும்" என்றால் போன் வழியாகக் கொண்டு வருவார்கள். நீங்கள் வேலைக்குப் போய்விட்டு, அப்பாவும் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரோடு போகும் நாளில் இது உதவும்.

இனி வயது விஷயம். 2025 ஆகஸ்ட் இறுதியில், மருந்துகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான எஃப்டிஏ 2025-26 பருவத்து ஊசிகளுக்கு அனுமதி கொடுத்தபோது வரம்பைச் சுருக்கிவிட்டது: 65 வயதும் அதற்கு மேலும் என்றால் சரி; அதற்குக் கீழே என்றால் ஆபத்தைக் கூட்டும் நோய் ஏதாவது ஒன்றாவது இருக்க வேண்டும். பிறகு நோய்த்தடுப்புக்கான மத்திய அமைப்பான சிடிசியும் அக்டோபரில், அவரவர் டாக்டரோடோ மருந்தாளுநரோடோ பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று மாற்றியது. கலிஃபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன், ஹவாய் நான்கும் சேர்ந்து தங்களுக்கென்று தனிப் பரிந்துரை வெளியிட்டன. அதன்படி 65 தாண்டியவர்களுக்கும் ஆபத்து உள்ளவர்களுக்கும் ஊசி வேண்டும், மற்றவர்களில் வேண்டும் என்பவரும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் அப்பாவுக்குக் கேள்வியே கிடையாது. அம்மாவுக்கு 63 என்றாலும் சர்க்கரை போதும், அது அந்தப் பட்டியலில் தெளிவாக இருக்கிறது. சீட்டு, ரிப்போர்ட் எதுவும் பொதுவாகக் கேட்பதில்லை, வாயால் சொன்னால் போதும். அந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். உடல் உழைப்பில்லாமல் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கிறது. நம் வீட்டுச் சோபாக்களில் தகுதியில்லாதவர் யார்?

ஊரில் போட்டது கோவிஷீல்டா, கோவாக்சினா, எத்தனை டோஸ் என்பதெல்லாம் இப்போது பெரிதாகப் பொருட்டில்லை. முன்பு எதைப் போட்டிருந்தாலும் இந்த வருடத்து ஊசி ஒன்று. கடைசியாகப் போட்டது எப்போது என்று மட்டும் கேட்பார்கள், இரண்டு மாத இடைவெளியாவது இருக்கிறதா என்று பார்க்க. கோவின் சான்றிதழ் போனில் இருந்தால் காட்டுங்கள். 65 தாண்டியவர்களுக்கு ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசி என்று 2024 அக்டோபரிலிருந்து ஒரு பரிந்துரை உண்டு. உங்கள் அப்பா அதற்குள் ஊருக்குப் போய்விடுவார், அதை விட்டுவிடலாம்.

பையன் விஷயத்தில் கவுன்டியைத் தேட வேண்டாம். உங்கள் கம்பெனி இன்சூரன்ஸ் அவனுக்கு இருக்கிறது, குழந்தைகள் டாக்டரிடமே போங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருந்த ஃபைசர் அனுமதி போய்விட்டது. மாடர்னாவின் ஸ்பைக்வாக்ஸ் மட்டும் ஆறு மாதக் குழந்தையிலிருந்து உண்டு, அதுவும் ஆபத்து உள்ள குழந்தைகளுக்கு என்று எழுதியிருக்கிறது. டாக்டர் தன் முடிவில் மற்ற குழந்தைக்கும் போடலாம். மருந்துக்கடைகளில் சின்னக் குழந்தைகளுக்குப் போடத் தயங்குவார்கள், அங்கே அலைய வேண்டாம். இன்னொரு சங்கதி: 2025 செப்டம்பரில் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டு, மாநிலம் பரிந்துரைக்கும் ஊசிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கட்டியே ஆக வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் இந்தப் பக்கத்துப் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிகள் பல தாங்களே பணம் போட்டு நடத்தும் வகை இன்சூரன்ஸ் வைத்திருக்கின்றன. கார்டில் இருக்கும் பேர் இன்சூரன்ஸ் கம்பெனியுடையது, காசு உங்கள் முதலாளியுடையது. அந்த வகையை மாநிலச் சட்டம் தொடாது. பெரும்பாலும் அவர்களும் கட்டிவிடுகிறார்கள், இருந்தாலும் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிட்டுப் போங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது குழந்தைக்கு இன்சூரன்ஸே இல்லை என்றால், அவர்களுக்கான தட்டு தனி. 1989 முதல் 1991 வரை நாட்டில் தட்டம்மை பரவியபோது, பாதிக்கப்பட்ட பல குழந்தைகள் டாக்டரிடம் போயிருந்தும் ஊசி போடாமல் விடப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. காசு கட்ட வழியில்லாததால் டாக்டர்கள் வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் விளைவாக 1993-ல் சட்டமாகி 1994-ல் நடைமுறைக்கு வந்ததுதான் குழந்தைகள் தடுப்பூசித் திட்டம். 18 வயது முடியும் வரை மருந்து இலவசம். போடும் கூலி கலிஃபோர்னியாவில் அதிகபட்சம் 26 டாலர் 3 சென்ட்; அதைக் கட்ட முடியாது என்பதற்காக ஊசியை மறுக்கக் கூடாது. இந்த நாட்டின் சுகாதார ஏற்பாடுகளில் நான் மனம்விட்டுப் பாராட்டும் சிலவற்றில் இது ஒன்று.

டெஸ்ட் கிட்டுக்கு வருவோம். 2022 ஜனவரியில் தபால் வழியாக வீட்டுக்கு நாலு கிட் என்று மத்திய அரசு தொடங்கியது நினைவிருக்கும். பல சுற்று வந்தது, இடையிடையே நின்றது, 2025 மார்ச் 9 அன்று ஒரேயடியாக மூடப்பட்டது. கவுன்டிகள் நூலகங்களிலும் சமூக மையங்களிலும் அடுக்கி வைத்திருந்த கிட்டுகளும் பெரும்பாலும் அரசுச் சரக்குதான், ஊற்று நின்றதும் ஓடையும் வற்றிவிட்டது. இன்னும் சில இடங்களில் மிச்சம் இருக்கிறது. ஊசிக்காகக் கவுன்டியைக் கூப்பிடும்போதே "வீட்டு டெஸ்ட் கிட் எங்காவது கொடுக்கிறீர்களா, நூலகத்தில் உண்டா?" என்று சேர்த்துக் கேளுங்கள். கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை.

உங்கள் கையில் இருக்கும் நல்ல வழி வேறு. மத்திய நெருக்கடிநிலை 2023 மே 11-ல் முடிந்ததும், மாதம் ஆளுக்கு எட்டு கிட் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்ற கட்டாயம் நாடு முழுக்க முடிந்துபோனது. கலிஃபோர்னியாவில் மட்டும் மாநிலக் கட்டுப்பாட்டில் உள்ள இன்சூரன்ஸுகளுக்கு அது தொடர்ந்தது, அந்த இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள மருந்துக்கடையில் வாங்கினால். உங்களுடையது முதலாளி காசு வகையா, மாநிலக் கட்டுப்பாட்டு வகையா என்று அந்த ஒரே போனில் இதையும் கேட்டுவிடலாம். உங்கள் பேரில் வாங்கும் கிட் உங்களுக்கும் மனைவிக்கும் பையனுக்கும். எதுவும் இல்லையென்றால் மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடிக்கும் கணக்கு இருக்கிறதே, அந்த கார்டில் கிட் வாங்கலாம். வாங்குவதென்றால் கோவிட்டும் ஃப்ளூவும் ஒரே அட்டையில் காட்டும் கிட்டாக வாங்குங்கள். குளிர்காலத்தில் வயதானவர் இருமினால் இரண்டில் எது என்று தெரிவது அவசியம், இரண்டுக்கும் மாத்திரை வேறு.

வீட்டில் பழைய கிட் கிடந்தால் தேதி பார்த்துத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு நிமிடம். பல பிராண்டுகளுக்கு எஃப்டிஏ காலாவதித் தேதியை நீட்டித்திருக்கிறது. டப்பாவில் அச்சான தேதி பழையதாகவே இருக்கும். எஃப்டிஏ பட்டியலில் டப்பாவின் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) பார்த்தால் தெரியும். என் மனைவி அப்படிக் குப்பையில் போட்ட ஒரு பையை நான் எடுத்துவந்து பார்த்தேன், பாதி கிட்டுக்கு அப்போது இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்காக 2022-ல் வாங்கியதை இன்றும் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டித்த தேதிகளும் முடிந்திருக்கும். கிட்டைக் காரில் வைக்கவும் கூடாது. பல பிராண்டுகளுக்கு 86 டிகிரி ஃபாரன்ஹீட்தான் மேல்வரம்பு. ஜூலையில் மூடிய காருக்குள் அது அரை மணியில் தாண்டும்.

டெஸ்ட் செய்யும்போது பெரியவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: குச்சியை மூக்கு நுனியில் தொட்டுவிட்டு, ஆயிற்று என்பார்கள். என் மாமனாருக்குச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துச் செய்தேன். முதலில் கையைக் கழுவி, நன்றாக மூக்கைச் சிந்தச் சொன்னேன். பஞ்சுக் குச்சியை அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே விட்டு, சுவரைத் தேய்த்தபடி ஐந்து சுற்று. அதே குச்சியால் அடுத்த துவாரத்திலும் ஐந்து சுற்று. அவர் தும்மினார், நான் பின்வாங்கினேன், பேத்தி சிரித்தாள். குச்சியைத் திரவத்தில் பதினைந்து தடவை அழுத்திக் கலக்கி, குழாயைப் பிழிந்து எடுத்து, அட்டையில் மூன்று சொட்டு. பதினைந்து நிமிடத்துக்கு அடுப்பின் டைமரை வைத்தோம். முப்பது நிமிடம் தாண்டினால் பார்க்கக் கூடாது, பொய்க்கோடு வரும். பிராண்டுக்குப் பிராண்டு இந்த எண்கள் மாறும், உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள். இரண்டாவது கோடு புகை மாதிரி மங்கலாக இருந்தாலும் அது கோடுதான், கோவிட் என்று அர்த்தம். மாமனார் மூக்குக்கண்ணாடி மாற்றி மாற்றிப் பார்த்து "ஒண்ணுதான் இருக்கு" என்று சாதித்தார். ஜன்னலோரம் கொண்டுபோய்க் காட்டியபிறகுதான் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது கோடு வராவிட்டால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அறிகுறி இருந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை, அறிகுறி இல்லாமல் தொடர்பு மட்டும் என்றால் 48 மணி இடைவெளியில் மூன்று தடவை என்பது 2022 ஆகஸ்டிலிருந்து எஃப்டிஏ சொல்வது. அதனால்தான் கிட் ஒன்று போதாது, ஆளுக்கு இரண்டு கிட்டாவது வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு வந்தால் அன்றே டாக்டர். கோவிட்டுக்கான பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். "ரெண்டு நாள் கஷாயம் குடிச்சுப் பார்ப்போம்" என்று அம்மா சொன்னால், கஷாயமும் இருக்கட்டும், போனும் போகட்டும். இங்கே பயண இன்சூரன்ஸ் உதவக்கூடும், இது திடீர் நோய் என்ற கணக்கில் வரும். நோய் வரும் முன்பே அவர்களுடைய பாலிசியில் கோவிட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள், ஏனென்றால் ஒரு கோர்ஸின் கம்பெனி விலை 2023-ல் வைத்தபோதே 1,390 டாலர். அப்பா அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டைகளை வரிசையாக அடுக்கி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவற்றை அந்த ஐந்து நாள் நிறுத்தச் சொல்வார்கள், சில பிரஷர் மாத்திரைகளும் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுப்பவையும் சிக்கல் பண்ணும், சிறுநீரகம் பலவீனமானால் அளவே மாறும். நம் ஊர் பிராண்டுப் பேர் இங்கே யாருக்கும் தெரியாது, அட்டையின் பின்பக்கம் இருக்கும் மருந்தின் பேர்தான் வேண்டும்.

கிரீன் கார்டு பயம். அரசுக்குப் பாரமாக இருப்பார் என்று கருதி மறுக்கும் விதி ஒன்று உண்டு, அதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கோவிட் டெஸ்ட், சிகிச்சை, தடுப்பூசி எதையும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று குடிவரவுத் துறை 2020 மார்ச்சிலேயே அறிவித்தது. 2022-ல் வந்த விதியின்படியும் கவுன்டியில் ஓர் ஊசி போட்டது எந்தக் கணக்கிலும் வராது. அந்த விதியை எடுத்துவிடும் முன்மொழிவு ஒன்று 2025 நவம்பரில் வந்தது, ஆகவே பெற்றோருக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். என் கணிப்பில் பயப்பட வேண்டியது ஊசிக்கு அல்ல. கிளினிக்கில் யாராவது நல்ல மனதோடு, "இவர்களுக்கு மெடி-கேல் விண்ணப்பம் போட்டுவிடலாமா?" என்று ஒரு படிவத்தை நீட்டுவார்கள். அங்கேதான் நிற்க வேண்டும். அது இங்கே குடியிருக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கான மாநில மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்; விசிட்டர் விசாவில் வந்தவர் இங்கே குடியிருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் அடுத்த தடவை விமான நிலையத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "வேண்டாம், இவர்கள் விசிட்டர்கள், இன்றைக்கு ஊசி மட்டும் போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாகப் பேர். நம் ஆட்களில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பேர்தான் இருக்கும். விசாவில் முதல் பேர் கட்டத்தில் எஃப்என்யு என்று அடித்திருப்பார்கள், முதல் பேர் தெரியாது என்று அர்த்தம். கிளினிக்கில் ஒருவர் அதையே பேராகப் பதிவார், இன்னொருவர் இனிஷியலை, மூன்றாமவர் அப்பா பேரை. என் மாமியார் இந்த மாநிலப் பதிவேட்டில் மூன்று வெவ்வேறு பெண்மணிகளாக இருக்கிறார், ஒருவருக்குத்தான் இரண்டாவது டோஸ் போட்டிருக்கிறது. பாஸ்போர்ட்டை நீட்டி, எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். போன் எண் கேட்டால் அப்பா வாய்தவறி ஊர் எண்ணைச் சொல்லிவிடுவார். உங்கள் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். மாநிலத்தின் டிஜிட்டல் தடுப்பூசிப் பதிவை எடுக்கப் பேர், பிறந்த தேதியோடு அங்கே பதிவான போனோ மின்னஞ்சலோ பொருந்த வேண்டும். அதை எடுத்து அச்சடித்து, ஏப்ரலில் பெட்டி கட்டும்போது பாஸ்போர்ட் உறையிலேயே வைத்து அனுப்புங்கள்.